ஆர்ட்ஸ் என்றால் வைத்தியர்

நெதர்லாந்தில் இருக்கும் என் மகள் போனில், "குழந்தைக்கு ஜுரம், ஹௌஸ்ஆர்ட்ஸிடம் காட்டினோம்" என்றாள். நமக்குத் தெரிந்த ஆர்ட்ஸ், காலேஜில் சயன்ஸ் கிடைக்காதவர்கள் சேருவது. அங்கே குடும்ப வைத்தியருக்கு அதுதான் பெயராம்.

டச்சு மொழியில் ஆர்ட்ஸ் என்றாலே டாக்டர். கலைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கிரேக்கத்தில் 'இயாத்ரோஸ்' என்றால் குணப்படுத்துகிறவர், 'ஆர்க்கி' என்றால் தலைமை. அரண்மனைத் தலைமை வைத்தியரின் பட்டம் ஆர்க்கியாத்ரோஸ். அது லத்தீனில் ஆர்க்கியாதர் ஆகி, தேய்ந்து தேய்ந்து ஆர்ட்ஸில் வந்து நின்றது. ராஜாவின் நாடி பிடித்தவர் பட்டம் இன்று தெருமுனை டாக்டருக்கு! பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி இருந்தார்கள். ஆனாலும் அந்தச் சொல் ஆற்றோடு ஏறி எங்கள் திருமுக்கூடலுக்கு வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

இங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் (1063-1070) காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கையோடு ஓர் ஆதுலர்சாலை நடந்திருக்கிறது. வைத்தியர் கோதண்டராம அசுவத்தாம பட்டர். அறுவை செய்கிறவர் 'சல்லியக்கிரியை பண்ணுவான்'. சல்லியம் என்றால் உடம்பில் தைத்த அம்பு, முள். அதைப் பிடுங்குகிறவர் என்று பொருள். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் அவர் 'ஷிரூர்ழியன்'; அதுவும் கிரேக்கம்தான், கைவேலைக்காரர் என்று அர்த்தம்.

சம்பளப் பட்டியல் போட்டே வயதானவன் என்பதால் என் கண் தொகைக்குத்தான் போயிற்று. வைத்தியருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவைக்காரருக்கு 30 கலம். நோயாளிகளைக் கவனித்த பெண்கள் இருவருக்கும் 30 கலம், ஒரு காசு. நாவிதருக்கு 15 கலம்.

அந்த நாவிதர் வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்தில் மருத்துவர் என்பது அவர்கள் குலப்பெயர். பிரசவம் பார்த்தவள் மருத்துவச்சி. போர்டில் 'மருத்துவர்' என்று டாக்டர்கள் எழுதிக்கொண்டது பிறகுதான். சொல் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பாட்டி மட்டும் கொல்லைப்புற வழியாகவே வந்து போனாள்.

பிரெஞ்சில் மருத்துவச்சிக்கு 'சாஜ்ஃபாம்', அறிவுள்ள பெண் என்று அர்த்தம். டச்சிலும் அப்படியேதான், 'ஃப்ரூட்ஃப்ரௌ'. என்னை இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்ட பாட்டிக்கு ஒரு புடவை, இரண்டு படி அரிசி, வெற்றிலை பாக்கு கொடுத்ததாக அம்மா சொல்வாள். காசு கொடுத்ததாகச் சொன்னதில்லை.