மரணச் சந்தா

தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கென்று இருந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான். கொழுந்து நிறுக்கும் தராசு கம்பெனியுடையது. நிறையை எழுதும் புத்தகம் கிராணியுடையது. லயத்து வீடு, குழாய்த் தண்ணீர், பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகை எல்லாம் கம்பெனிக் கணக்கில் வந்து கம்பெனிக் கணக்கில் போகும். அந்தோணியார் கோயில் நோட்டுப் புத்தகம் மட்டும் எங்கள் ஆட்கள் எழுதி, எங்கள் ஆட்களே வாசித்தது. கணக்கெழுதிப் பிழைக்கும் வேலைக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் இது எனக்கு உறைத்தது.

கேமரன் மலையில் தேயிலைக்கு வயது குறைவு. ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். பாரத் தோட்டம் 1933. தமிழ்நாட்டிலிருந்து கங்காணி வழியாக ஆள் எடுப்பதை இந்திய அரசு 1938இல் தடுத்துவிட்டது. ஆக, கப்பலில் வந்து நேராக மலை ஏறியவர்களுக்குக் கிடைத்தது ஒன்பது பத்து வருடங்கள்தான். மற்றவர்கள் கீழே கித்தா மரம் வெட்டிக்கொண்டிருந்து, குளிருக்குப் பயந்துகொண்டே மேலே வந்தவர்கள். என் பாட்டி அந்த ரகம். எங்கள் தோட்டத்தில் முருகன் கோயிலுக்குத்தான் கூட்டம் அதிகம். வேதக்காரர்கள் என்று சொல்லப்பட்ட நாங்கள் இருபத்திரண்டு குடும்பம்.

தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் கோயில். மாதம் ஒருமுறை தானா ராத்தாவிலிருந்து சாமியார் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் தாத்தா செபமாலை சொல்லி முடித்துவைப்பார். அவர் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்தவர். சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தாலும் தேயிலை வாசம் அடிக்கும். பூசை முடிந்து சாமியார் தேநீர் குடிக்கும் நேரத்தில் தாத்தா நோட்டைத் திறந்து வாசிப்பார். மெழுகுதிரி ஒரு வெள்ளி எண்பது காசு. சாமியார் டாக்சி பதினைந்து வெள்ளி. பூ, இனாம். (கேமரனில் செவ்வந்திக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள், சீனர் தோட்டத்தில் கேட்டால் ஒரு கட்டு தருவார்.) பிறகு வரவு: இன்னார் ஐம்பது காசு, இன்னார் ஒரு வெள்ளி, இன்னார் பாக்கி.

அந்த 'பாக்கி' வரும்போது அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். எங்கள் பெயருக்குப் பின்னாலும் அது அடிக்கடி வந்திருக்கிறது. கொடுக்க முடியாதவரின் பெயரைச் சபையில் வாசிப்பது நல்ல பழக்கம் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாக்கி வைத்திருந்த அதே பெண்கள்தான் எழுந்து, "போன மாசம் மெழுகுதிரி ரெண்டு பெட்டி வாங்குனீங்களே தாத்தா, ஒண்ணு எங்க?" என்று கேட்டார்கள். கிராணியிடம் அப்படிக் கேட்க யாருக்கும் வாய் வந்ததில்லை.

நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பிடித்தால் இன்னொரு கணக்கு தொடங்கும். 'மரணச் சந்தா' என்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எழுதி அடிக்கோடு போட்டிருப்பார் தாத்தா. குடும்பத்துக்கு மாதம் இரண்டு வெள்ளி. யார் இறந்தாலும் பெட்டி, குழி வெட்டுகிறவர்களுக்குச் சாப்பாடு, சாமியார் வந்துபோகும் செலவு எல்லாம் இதிலிருந்து போகும். இரண்டு வெள்ளியைச் சின்னத் தொகை என்று நினைத்துவிடக் கூடாது. மாதம் 900 வெள்ளிக்குக் குறையாத சம்பளம் என்ற சட்டமே தீபகற்ப மலேசியாவுக்கு 2013இல்தான் வந்தது. நான் சொல்வது அதற்கு முப்பது வருடம் முந்தைய கதை.

லயத்துப் பெண்கள் கூட்டும் கட்டினார்கள். மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வது. இந்த நாட்டில் கூட்டுத் தொழிலைத் தடை செய்யும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்கிற நம் சொல் உட்கார்ந்திருக்கிறது. சட்டப் புத்தகத்தில் இடம்பிடிக்கத் தமிழுக்குக் கிடைத்த வழி அது! மரணச் சந்தாவைக் கூட்டோடு கலக்கக் கூடாது என்பதில் மட்டும் தாத்தா பிடிவாதமாக இருந்தார். சாவுக் காசில் வட்டி பார்க்கக் கூடாது என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு தடவை அந்தக் காசிலிருந்து முந்நூறு வெள்ளி எடுத்துக் கடன் கொடுத்தார். வாங்கியது கோயிலில் சேராத, முருகனைக் கும்பிடுகிற குடும்பம். பிள்ளைக்கு ஈப்போவில் ஆபரேஷன். அடுத்த பூசையில் சபையில் வாசித்தார்: "கடன், பெயர் வேண்டாம், முந்நூறு." யாரென்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பெயர் சொல்லவில்லை. பிறகு மாதம் பத்து வெள்ளி, முப்பது மாதம், "பெயர் வேண்டாம், பத்து" என்று வாசிப்பு நடந்தது. முப்பதாவது தடவை வாசித்தபோது பின்பெஞ்சில் யாரோ கை தட்டினார்கள். செபக்கூடத்தில் என்ன கைதட்டல் என்று தாத்தா முறைத்தார்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் கோயில் கணக்கு வேறு மாதிரி. அங்கே மீன்பாட்டில் கோயிலுக்கு ஒரு பங்கு உண்டு. அதைத் தண்டும் உரிமையைக் குத்தகைக்கு ஏலம் விடுவார்கள். அந்த ஊர்களில் கோயிலே ஊர் நிர்வாகம் மாதிரி. வழக்கு, அபராதம், திருவிழா எல்லாம் கோயில் வாசலில் முடியும். தோட்டத்தில் நிர்வாகம் என்றால் அது துரை பங்களா. கோயிலுக்கு அதிகாரம் ஒன்றும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அந்த நோட்டில் மட்டும் சனங்களுக்கு அத்தனை உரிமை இருந்தது.

பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இறங்கிப் போனார்கள். கொழுந்து எடுக்க வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தகரக் கோயில் இருக்கும் நிலம் கம்பெனியுடையது. விற்கவோ வாங்கவோ எதுவும் இல்லை. சுரூபத்தை வேனில் வைத்துப் பங்குக் கோயிலுக்குக் கொண்டுவந்துவிட்டோம். உபதேசியார் தாத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். சேமிப்புக் கணக்கில் அவரோடு கையெழுத்துப் போட்ட அத்தை மட்டும் மிச்சம். அதில் 7,412 வெள்ளி 60 காசு இருந்தது.

நான் அப்போது பங்கின் நிதிக்குழுவில் இருந்தேன். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மேய்ப்புப் பணிப் பேரவை ஆயர் விரும்பினால் அமைக்கலாம் என்கிறது 536ஆம் பிரிவு. அடுத்த பிரிவோ ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆகவேண்டும் என்கிறது. பேச்சு விருப்பம், காசு கட்டாயம். எங்கள் குழுவில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சீன அங்கிள் ஒருவர் இருந்தார். தோட்டத்துக் காசைப் பங்கின் பொதுக் கணக்கில் சேர்த்து மண்டபக் கூரைக்குப் பயன்படுத்தலாம் என்றார். சின்னச் சின்ன நிதிகளைத் தனித்தனியாக வைத்திருந்தால்தான் கோயில் பணம் காணாமல் போகும் என்பது அவர் கட்சி. அது சரியான பேச்சு. நானும் வேலை செய்யும் இடத்தில் அதையேதான் சொல்வேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடிட்ட அந்தத் தலைப்பைக் காட்டினேன். ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக விசுவாசிகள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்று 1267ஆம் பிரிவின் மூன்றாம் பத்தி சொல்கிறது. ஃபாதருக்குத் தமிழ் வாசிக்க வராது. பக்கங்களை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தவர், "இந்த வார்த்தை எல்லாப் பக்கத்திலும் இருக்கிறதே, என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். சாவுக்குக் கட்டியவர்களில் சாகாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டார் அங்கிள். கிண்டலுக்குக் கேட்கவில்லை, கணக்குக்குத்தான் கேட்டார். ஒன்பது பேர்.

கடைசியில் பணம் பங்கின் வங்கிக் கணக்குக்கே வந்தது. ஆனால் அறிக்கையில் தனி வரி. எடுக்க இரண்டு கையெழுத்து. வருடம் ஒருமுறை தமிழ்ப் பூசைக்குப் பிறகு சத்தமாக வாசிக்க வேண்டும். விசுவாசிகள் கொடுத்ததற்கு விசுவாசிகளிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டும் என்று 1287ஆம் பிரிவும் சொல்கிறதுதான். எங்கள் பங்கில் அது அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் தொங்கும். தணிக்கை செய்த, சுத்தமான கணக்கு. அதன் முன் நின்று யாரும் மெழுகுதிரிப் பெட்டி எங்கே என்று கேட்டதில்லை. நான் முதல் தடவை எழுந்து வாசித்தபோது அத்தை கையைத் தூக்கி, "பேங்க்கு வட்டின்னு என்னமோ சொன்னியே, அத யாரு கேட்டா? தாத்தா வட்டி வாங்கக் கூடாதுன்னாரே" என்றாள். பதில் சொல்லத் தெரியாமல் சீன அங்கிளைப் பார்த்தேன். அவருக்கு அது புரியவும் இல்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை செய்த புளோரஸ் தீவுக்காரர் ஒருவர் இறந்துபோனார். இந்தோனேசியாவில் அது கத்தோலிக்கர் மண். ஞாயிறு தவறாமல் கடைசி வரிசையில் நின்று பூசை பார்த்துவிட்டுப் போகிறவர். உடலை ஊருக்கு அனுப்ப முதலாளி போட்டது, கூட வேலை செய்தவர்கள் போட்டது, பங்கு கொடுத்தது எல்லாம் சேர்த்தும் ஆயிரம் வெள்ளி குறைந்தது. ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். "உங்கள் சாவுக் காசு இருக்கிறதே?" என்றார். மூன்றாம் பத்தியை மேசையில் தட்டி வாசித்தவள் நான்தான். சந்தா கட்டியவர்களைக் கேட்காமல் முடியாது என்றேன்.

தானா ராத்தா அடுக்குமாடியில் அத்தை வீட்டில் கூடினோம். ஒன்பதில் இரண்டு பேர் அதற்குள் அந்தக் காசிலேயே அடக்கமாகிவிட்டார்கள். ஏழில் வர முடிந்தவர்கள் ஐந்து.

"அவரு சந்தா கட்டலயே."

"இங்க யாரு இருக்கா அவருக்கு, கட்ட?"

"இப்படி ஒவ்வொருத்தருக்கா குடுத்தா நம்ம பொட்டிக்கு எங்க போறது?"

இந்தக் கேள்வியைக் கேட்ட தாத்தாவுக்கு எண்பத்தாறு வயது. அவர் பயம் நியாயமானது. நான் வாயைத் திறக்கவில்லை. ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அத்தைதான் சொன்னாள்: "அன்னிக்கு முந்நூறு குடுத்தோமே, அவங்க மட்டும் கட்டுனாங்களா? கடன்னு எழுதும்மா."

"யாரு அத்தை திருப்பிக் கட்டுவா?"

"எழுதுன்னேன். கட்டுறது கட்டாதது எழுதுறவ பார்க்க வேண்டியதில்ல."

எண்பத்தாறு வயதுத் தாத்தா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். எழுதினேன்: கடன், பெயர் வேண்டாம், 1,000.00.

அந்த வரி இன்னும் அறிக்கையில் வரவேண்டிய தொகையாகவே நிற்கிறது. ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதெல்லாம் சீன அங்கிள் பேனாவை அதன்மேல் வைத்து, இதை வராக்கடனில் தள்ளிவிடலாமா என்று கேட்பார். இந்த வருடமும் கேட்டார். சந்தா கட்டியவர்கள் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள், கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.