குடகில் பிறந்தவரும் லண்டனில் பிறந்தவரும்

காந்திபுரத்தில் நான் வழக்கமாகக் காப்பித்தூள் வாங்கும் கடையில், "குடகுக் கொட்டைங்க, இப்பத்தான் வறுத்தது" என்று சொல்லித்தான் அரைத்துக் கொடுப்பார்கள். குடகு என்ற பேச்சு வந்தாலே எனக்கு ஒரு ஆகாயக் கப்பல் நினைவுக்கு வரும். சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆகாயக் கப்பலுக்குப் பிரெஞ்சில் 'திரிஜாப்ள்' என்று பெயர். நினைத்த பக்கம் திருப்பக் கூடியது என்று பொருள். வெறும் பலூன் காற்று தள்ளும் பக்கம் போகும். இது அப்படியல்ல. 1884 ஆகஸ்ட் 9-ஆம் தேதி ரெனார், கிரெப்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சு ராணுவ அதிகாரிகள், பாட்டரியில் ஓடும் 'லா பிரான்ஸ்' கப்பலில் சுமார் 8 கிலோமீட்டர் பறந்து, 23 நிமிடத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து இறங்கினார்கள்.

அதைப் பெரும் போர்க்கருவியாக வளர்த்தது ஜெர்மனி. முதல் உலகப்போரில், 1915 ஜனவரி முதல் ஜெர்மன் கப்பல்கள் இரவில் வந்து இங்கிலாந்து ஊர்களின்மேல் குண்டு போட்டன. அன்றைய விமானங்கள் அந்த உயரத்துக்கு ஏறவே நெடுநேரம் ஆகும். ஏறிச் சுட்டாலும், சாதாரணத் தோட்டா சின்ன ஓட்டைதான் போடும். வாயு மெல்லக் கசியும், கப்பல் ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த நிலைமையை மாற்றியவர்களில் ஒருவர் வில்லியம் லீஃப் ராபின்சன். 1895-இல் குடகில், பொள்ளிபெட்டா பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் பிறந்தவர். பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியிலும் படித்தவர்.

1916 செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு 16 கப்பல்கள் இங்கிலாந்தை நோக்கிக் கிளம்பின. அவற்றில் எஸ்.எல்.11 என்ற கப்பலை ராபின்சன் நள்ளிரவு தாண்டி லண்டனுக்கு வடக்கே துரத்திப் பிடித்தார். 170 மீட்டருக்கு மேல் நீளம். அவரிடம் இருந்தவை தீப்பற்ற வைக்கும் புதுவகைத் தோட்டாக்கள். இரண்டு சுற்று சுட்டும் பலனில்லை. மூன்றாவதை வால்பக்கம் ஒரே இடத்தில் பொழிந்தார். பற்றிக்கொண்டது. கப்பலை மேலே தூக்கியதும் ஹைட்ரஜன்தான், எரித்ததும் அதேதான்.

லண்டன் ஜனங்கள் தெருவுக்கு வந்து ஆரவாரம் செய்தார்கள். ரயில்கள் விசில் ஊதின. கப்பலில் இருந்த 16 பேரும் மாண்டார்கள். சில நாட்களிலேயே ராபின்சனுக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அடுத்தடுத்து மற்ற கப்பல்களும் இப்படியே எரிந்து விழ, 1917-இல் ஜெர்மன் தரைப்படை ஆகாயக் கப்பல்களைக் கைவிட்டது. கடற்படை மட்டும் 1918 ஆகஸ்ட் வரை முயன்று பார்த்தது. ராபின்சன் அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று, விஷக்காய்ச்சலில் இறந்தார். வயது 23.

என்னை உலுக்கியது இதற்குப் பிறகு படித்த ஒரு தகவல். எரிந்த கப்பலின் தலைவர் வில்ஹெல்ம் ஷ்ராம் பிறந்தது லண்டனை ஒட்டிய சார்ல்டனில். அப்பாவுக்கு அங்கே சீமென்ஸ் கம்பெனியில் வேலை. பிள்ளைப் பருவமெல்லாம் இங்கிலாந்தில்தான். பிறந்த ஊரின்மேல் குண்டு போட வந்தவரை, குடகில் பிறந்தவர் சுட்டு வீழ்த்தியிருக்கிறார்.

1971 டிசம்பர் யுத்தத்தின்போது எனக்கு இருபது வயசுக்கு மேல். ரேடியோவில் எதிரி விமானம் ஒன்று விழுந்த செய்தி வந்ததும் எழுந்து நின்று கைதட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே, "அதுல இருந்தவனையும் ஒருத்தி பெத்துதானேடா அனுப்பியிருப்பா" என்றார். நாட்டுப்பற்று தெரியாத பேச்சு என்று கோபப்பட்டு வெளியே போய்விட்டேன்.

அதைப் பற்றி அம்மாவிடம் பிறகு நான் பேசவே இல்லை. அவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அன்று அவர் சொன்னதுதான் சரி என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.