அளவெட்டியும் ஆகாய மார்க்கமும்

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே சுமார் 8 மைல் தூரத்தில், மல்லாகத்தை அடுத்து அமைந்த எழில்மிகு கிராமம் அளவெட்டி. செம்பாட்டு மண், ஆழக் கிணறுகள், வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளையும் தோட்டங்கள், அவற்றைக் காவல் செய்வனபோல் நிற்கும் பனங்கூடல்கள். கும்பிளாவளைப் பிள்ளையார் குடிகொண்ட இவ்வூரே நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனையும், 'மகாகவி' என்னும் பெயரால் அறியப்பட்ட கவிஞர் து. உருத்திரமூர்த்தியையும் தமிழுலகுக்கு ஈந்தது.

ஊருக்கு வடகிழக்கே, சில மைல்களுக்கு அப்பால் இருக்கிறது பலாலி விமானத் தளம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப் படையினர் அமைத்தது அது. 1947 டிசம்பர் 10ஆம் தேதி எயர் சிலோன் கம்பெனியின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இவ்விடத்தில் இறங்கியே சென்னைக்குப் பறந்தது. பின்னர் யுத்தம் வந்தது. அயல்நாட்டு வழி அடைபட்டது. 2019 அக்டோபர் 17ஆம் தேதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு அது மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தொடங்கிய சென்னைச் சேவை, 2020இல் கொள்ளை நோயால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடியும் ஆரம்பமாயிற்று.

இவ்வழி திறந்ததும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் நம் மக்கள் தம் பிள்ளைகளுடன் சென்னை மார்க்கமாக ஊர் வந்து போகலாயினர். வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தனர். 1995 அக்டோபரில் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்தது. பல்லாண்டுகள் ஆளற்றுக் கிடந்த வளவுகளை இன்று கொத்தும்போது, மண்ணோடு மண்ணாகப் பித்தளைச் சன்னக் கோதுகள் வெளிப்படுவதுண்டு. "அப்பப்பாவின் காணியில் எடுத்தேன்" என்று ஒரு சிறுவன் அதை ஞாபகப் பொருளாகப் பையில் வைத்துக்கொண்டால் என்ன நேரும்? கனடாவில் மான் வேட்டைக்குச் சென்ற ஒருவர், அதே பையில் ஒரு தோட்டாவை மறந்துவிட்டு ஊருக்குப் புறப்பட்டால் என்ன நேரும்? இவற்றைக் குடும்பத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

வேட்டைக்கும் விளையாட்டுக்கும் உரிய தோட்டாக்களை விமானத்தில் கொண்டுசெல்ல உலக விதிகள் இடமளிக்கின்றன. ஆனால் நிபந்தனைகள் பல. விமானக் கம்பெனியின் சம்மதத்தை முன்கூட்டியே பெறவேண்டும். ஆளுக்கு 5 கிலோகிராமுக்கு மேற்படக் கூடாது; அதுவும் பெட்டியின் எடையையும் சேர்த்தே. ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கோடு ஒரே கட்டாகக் கட்டக் கூடாது. கையில் கொண்டுசெல்லுதல் அறவே ஆகாது. பதிவு செய்த பொதியில் உறுதியாகக் கட்டி வைக்க வேண்டும். சாதாரண 12 துளைத் துவக்கின் தோட்டா என்றால், இந்த அளவுக்குள் ஏறக்குறைய நூறு அடங்கும். வெடித்துச் சிதறும் அல்லது தீ மூட்டும் குண்டுகளுக்கு அனுமதியே இல்லை.

சாதாரணத் தோட்டாவுக்கு மட்டும் இச்சலுகை ஏன்? துவக்குக் குழலுக்குள் அடைபட்டு வெடிக்கும்போதுதான் குண்டு வேகம் பெறுகிறது. வெளியே தீயில் அகப்பட்டு வெடித்தால் கோது கிழியுமேயன்றிக் குண்டு வெகுதூரம் பாய்வதில்லை. தகுந்த பெட்டியில் இருந்தால் சேதம் பெரும்பாலும் அப்பெட்டியோடு அடங்கிவிடும். கட்டும் முறை ஏன் இத்தனை முக்கியம் என்பதை 1973 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நேர்ந்த விபத்து காட்டியது. முறைதவறிக் கட்டப்பட்ட நைத்திரிக் அமிலத்தால் சரக்கு விமானமொன்றில் புகை சூழ, ஊழியர் மூவர் மாண்டனர்.

விமான விதி ஒருபுறமிருக்க, நாட்டுச் சட்டம் வேறு. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டமும், இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அனுமதிப்பத்திரம் கேட்கின்றன. இந்தியச் சட்டத்தின்படி தோட்டாவின் உறுப்புகளும் தோட்டாவே. ஆகையால் வெறுங்கோதுதானே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. ஒரு பொருள் தன்னிடம் இருப்பதை அறிந்து வைத்திருந்தாலே அது உடைமைக் குற்றம் என்ற கருத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 1972இல் விளக்கியது. அதனைப் பின்பற்றி, பையில் ஒற்றைத் தோட்டா அகப்பட்ட பயணிகள் பலரின் வழக்குகளைத் தில்லி உயர் நீதிமன்றம் ரத்துச் செய்ததுண்டு. ஆயினும் விமானம் தவறிப் போகும், விசாரணை நீளும், மனம் நோகும்.

ஆதலால், ஊரிலிருந்து புறப்படுமுன் பிள்ளைகளின் பைகளைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளறைகளையும் துழாவிப் பாருங்கள். வளவில் இரும்போ பித்தளையோ இனந்தெரியாமல் தென்பட்டால் தொடவேண்டாம். சுற்றி நிற்போரை விலக்கிவிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். கோது என்று எண்ணியது வெடியாத குண்டாகவும் இருக்கலாம். அப்போது தவறிப்போவது விமானம் மட்டுமன்று.

பேரப்பிள்ளை ஊர் ஞாபகமாக ஏதேனும் கேட்டால் பனாட்டுத் துண்டும் புழுக்கொடியலும் பனங்கட்டிக் குட்டானும் கட்டிக் கொடுங்கள். அப்பப்பாவின் காணியைச் சொல்ல அவையே போதும்.