வாசித்துக் காட்டாத மனு

கண்பார்வை மங்கிவிட்டதால் நான் மனு எழுதுவதை நிறுத்திவிட்டேன் என்று கேள்வியுற்ற, திருத்தணிக்குப் பக்கத்துக் கல்லூரியொன்றின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், அண்மையில் என்னை அழைத்துச் சால்வை போர்த்தி, பழத்தட்டு கொடுத்து உபசரித்தார்கள். அதற்காக அவர்களிடத்தில் எனக்கு நன்றி உண்டு; அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வரவேற்புரை நிகழ்த்திய தம்பி, 'ஐயா அவர்கள் ஏழை மக்களுக்கு நெடுங்காலம் இலவசமாக ஃபாரம் ஃபில்லப் செய்து கொடுத்துச் சேவை புரிந்தவர்' என்று சொல்லி அமர, சபையும் கைதட்டியபோது, நான் கைகூப்பவும் மறந்து உட்கார்ந்திருந்தேன். முதியோர் பென்ஷனுக்கும் ரேஷன் அட்டைக்கும் எத்தனையோ படிவங்களை நானும் நிரப்பிக் கொடுத்ததுண்டு. அதற்கு எழுத்தும் பொறுமையும் இருந்தால் போதும். மனு எழுதுவது வேறு விஷயம். அந்த வேற்றுமை தெரியாதவர்கள் கையில்தான் இன்றைக்கு அந்தக் காரியம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதால், அதைப் பற்றிச் சிறிது விஸ்தாரமாகவே எழுதலாமென்று துணிந்தேன்.

எங்கள் தாலுக்காவின் சமாசாரம் தெரியாமல் இது விளங்காது. 1911இல் சித்தூர் ஜில்லா உண்டானபோது அதனோடு சேர்ந்த திருத்தணி, 1953இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போயிற்று, ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், எல்லைத் தகராறில் மத்தியஸ்தரான படாஸ்கரின் சிபாரிசின் பேரில், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை ராஜ்யத்தில் சேர்ந்து செங்கல்பட்டு ஜில்லாவுக்கு உட்பட்டது. எல்லைக்கோட்டைத்தான் நகர்த்த முடிந்தது. வீட்டுக்குள் பேசும் பேச்சை யாரால் நகர்த்த முடியும்? பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் அடுப்பங்கரையில் தெலுங்கும் சந்தையில் தமிழும் வழங்குவது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. மாறியது எழுத்துதான். அதற்குப் பின் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளிற் பலர் தமிழ் எழுத்தையே கற்றார்கள். அவர்களுடைய பாட்டன் எழுதிவைத்த கிரயப் பத்திரமோ தெலுங்கு எழுத்தில் இருந்தது. பாட்டன் பாஷையைப் பேசவும் தெரியும், பாட்டன் பத்திரத்தைப் படிக்க மட்டும் தெரியாது என்கிற ஒரு தலைமுறை இப்படித் தோன்றியது. தாசில்தார் ஆபீஸ் வாசலில் நின்று கையைப் பிசைந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம்.

நான் இதற்குள் வந்து விழுந்தது தற்செயல். காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு ஆரம்பிக்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம், 1973இல் பஞ்சத்தை எதிர்த்து இளைஞர் என்கிற நோக்கத்தோடு முகாம்கள் நடத்தியது, சென்னையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்த நான், ஏரி தூர் வாருவதற்கென்று பள்ளிப்பட்டுப் பக்கம் அனுப்பப்பட்ட கூட்டத்தில் ஒருவன். மண்வெட்டி என் கைக்கு வசப்படவில்லை. கொப்புளம் கண்ட கையைப் பார்த்து இரக்கப்பட்ட எங்கள் பேராசிரியர், கிராமத்தாருக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுக்கும்படி என்னை ஊர்ச் சாவடியில் உட்கார வைத்தார். பின்னர் அந்தப் பக்கத்திலேயே தமிழாசிரியராக வேலை கிடைத்ததும், ஞாயிறுதோறும் அதே காரியத்தைத் தொடர்ந்ததும், ஒருவரிடமும் ஒரு காசும் வாங்காததும் பெரிய விஷயமல்ல. விஷயம், அந்தச் சாவடியில் எனக்கு வாய்த்த ஆசிரியர்.

அவரைக் கர்ணம் ஐயா என்றே ஊரார் அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். சித்தூர் நிர்வாகத்தில் தெலுங்கில் கணக்கு எழுதி, 1960க்குப் பிறகு தமிழில் கணக்கு எழுதி, ஓய்வு பெற்றுத் திண்ணையில் அமர்ந்திருந்தவர். கார்வேட்டிநகர் ஜமீன் காலத்துச் சங்கதி முதல், 1948ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின்பின் எந்தக் கழனிக்கு எந்த நம்பர் விழுந்தது என்பது வரை அவர் நாவிலிருந்தன. சாவடியில் நான் எழுதிய முதல் மனுவை, அலங்காரச் சொற்களெல்லாம் பெய்து எழுதிய அந்த மனுவை, வாங்கிப் படித்தார், மடித்தார், எதிரே நின்றிருந்த கிழவியைக் காட்டி, "பாபு, இதை அந்த அம்மாளுக்குப் படித்துக் காட்டினாயா?" என்று கேட்டார். தமிழில் இருப்பதை அவர்களுக்கு எப்படிப் படித்துக் காட்டுவது என்றேன். "அப்படியானால் இது யாருடைய மனு?" என்றார். அத்துடன் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த அம்மாளின் வழக்கைச் சொல்லவேண்டும். அதில்தான் நான் தொழில் கற்றேன். கணவனுக்குப் பாகத்தில் வந்த நிலத்தை, அவனுடைய தமையன் தன்னுடையதென்று சொல்லி அயலூரான் ஒருவனுக்குக் கிரயம் செய்துவிட்டான். அம்மாளிடம் இருந்தது பதிவாகாத ஒரு பாகச்சீட்டு, தெலுங்கில். 'விக்ருதி சைத்ர சுத்த தசமி' என்பதைத் தவிர அதில் வேறு தேதி கிடையாது. வாங்கியவனிடமோ 'விரோதி வருஷம் பங்குனி 25' என்று தமிழில் கண்ட கிரயப் பத்திரம். அறுபது வருஷச் சக்கரத்தில் விரோதிக்கு அடுத்தது விக்ருதி. ஆகவே, கிரயம் முந்தியது, பாகச்சீட்டு பிந்தியது, பிற்பாடு ஜோடித்தது என்று ஆபீசில் ஒருவர் சொல்லிவிட்டார். ஊரும் அதை நம்பியது. அம்மாளே ஏறக்குறைய நம்பிவிட்டாள்.

கர்ணம் ஐயா பழைய பஞ்சாங்கக் கட்டைப் பரணிலிருந்து இறக்கச் செய்தார். தெலுங்குக் கணக்கு சந்திரனைப் பின்பற்றும் சாந்திரமானம், தமிழ்க் கணக்கு சூரியனைப் பின்பற்றும் சௌரமானம் என்பதைப் புத்தகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒரு பெண்பிள்ளையின் நிலம் அதில் தொங்கிக்கொண்டிருக்கும்போது படிப்பது வேறு. பங்குனி அமாவாசை கழிந்த பாட்டிமையன்று தெலுங்கருக்கு யுகாதி. அன்றே அவர்களுக்கு வருஷப் பெயர் மாறிவிடுகிறது. தமிழருக்கோ சித்திரை பிறக்கும்வரை பழைய வருஷமே நடக்கிறது. விரோதி முடிந்து விக்ருதி பிறந்த 1950இல் அந்த அமாவாசை மார்ச் 18. ஆகையால் சுத்த தசமி மார்ச் மாதக் கடைசியில் வருகிறது. பங்குனி 25 ஏப்ரல் முதல் வாரம். அதாவது, அடுத்த வருஷத்துப் பெயரைத் தாங்கிய பாகச்சீட்டுதான் உண்மையில் சுமார் பத்து நாள் முந்தியது. இரண்டும் 1359ஆம் பசலிக்குள்ளேயே அடங்குபவை. பாகம் பிரிந்த பின்னர் தமையன் விற்றது தம்பியின் சொத்து!

இதை ஐயா எனக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. அமாவாசையை என்னையே தேடச் சொன்னார். தேடிக் கண்டபின், அதற்கு முந்தின வருஷத்துக்கும் பிந்தின வருஷத்துக்கும் யுகாதி எந்தத் தேதி என்று கணக்கிடச் சொன்னார். சீட்டில் எழுதினவன் நிஜ மாசத்தைப் போட்டானா, அதிக மாசத்தைப் போட்டானா என்று எப்படித் தெரியும் என்று கேட்டு, அந்த வருஷத்தில் சைத்ரம் அதிகமாக வரவில்லையென்று நான் பஞ்சாங்கத்தைக் காட்டி நிரூபித்த பிறகே பேனாவைத் தொட அனுமதித்தார். ஆஷாடமும் ஆடியும் ஒன்றென்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, ஆனி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஆடி அமாவாசையோடு முடிவது ஆஷாடம் என்பதை அந்த ராத்திரியில்தான் புரியவைத்தார். முகாம் நண்பர்கள் ஏரிக்கரையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த சப்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பட்டா மாறுதலை நிறுத்திவைத்து, பாகச்சீட்டின் தேதியை மேற்படி விளக்கத்தோடு பரிசீலிக்கும்படி வேண்டி மனு எழுதினோம். பிறகு வழக்கு முன்சீப் கோர்ட்டுக்குப் போயிற்று என்பது வேறு கதை.

மனுவை எழுதி முடித்ததும் ஐயா என்னைப் பார்த்தார். கிழவி, "சதுவு நாயனா" என்றாள். தமிழில் எழுதியதை வாக்கியம் வாக்கியமாகத் தெலுங்கிற் சொல்லிக்கொண்டு வந்தேன். என் தெலுங்கு அப்போது சந்தைத் தெலுங்கு, அவள் சிரித்துக்கொண்டே திருத்தினாள். நான்காம் வாக்கியத்தில் நிறுத்தினாள். கிழக்கு எல்லையில் நான் குறித்திருந்த கிணறு தூர்ந்து போய்விட்டதென்றும், இப்போது அங்கே இருப்பது மைத்துனன் பிற்பாடு வெட்டிய வேறு கிணறென்றும் அவள் சொன்னாள். சக்குபந்தியில் அந்தக் கிணறு நின்றிருந்தால் எதிர்க்கட்சி வக்கீல் அதிலேயே எங்களை மூழ்கடித்திருப்பான். பாகச்சீட்டைப் படித்த எனக்கோ, கணக்கெல்லாம் அறிந்த ஐயாவுக்கோ தெரியாத அது, எழுத்தறியாத அவளுக்குத்தான் தெரிந்திருந்தது.

மனு எழுதுவதில் சாமர்த்தியம் எழுத்தில் இல்லை, திரும்ப வாசித்துக் காட்டுவதில் இருக்கிறது என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தது இதனால்தான். அதிலும் இரு பாஷை பேசுகிறவர்களிடத்தில் ஒரு விசேஷம் உண்டு. சர்வே நம்பர், ரூபாய், தேதி, தாலுக்கா ஆபீஸ் என்றால் தமிழில் கணீரென்று சொல்வார்கள். அண்ணன் தம்பி சண்டை, மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனது, பெண்ணைத் திட்டியது என்று வந்தால் தங்களை அறியாமல் வீட்டுப் பேச்சுக்குத் தாவுவார்கள். அப்படித் தாவுகிற இடத்தைக் குறித்துக்கொள்ளத் தெரியவேண்டும். அங்கேதான் புகாரின் வேர் இருக்கும். பட்டாவில் பெயர் தப்பு என்று வந்தவருடைய மெய்யான சங்கடம், அந்தத் தப்பைத் திருத்தவொட்டாமல் தடுக்கிற சொந்தக்காரனாக இருக்கும். எண்பதுகளில் யூ.டி.ஆர். என்கிற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் முடிந்தபோது எங்கள் பக்கத்தில் தகப்பன் பெயர் மாறியும் உட்பிரிவு மாறியும் வந்த பட்டாக்களுக்காக டி.ஆர்.ஓ.வுக்கு எழுதிய மனுக்கள் பெரும்பாலானவற்றில், சிட்டா அடங்கலைவிட இந்தத் தாவலே எனக்கு வழி காட்டிற்று.

இப்போதைய முகாம்களில் நடப்பதென்ன? நான் கண்ணால் கண்டது: மேஜையில் ஒரு மடிக்கணினி, அதில் முன்கூட்டியே தயாரித்துவைத்த ஒரு மாதிரி மனு, பெயர், ஊர், சர்வே நம்பர் மூன்றுக்கும் இடைவெளி. தம்பி செல்பேசியை நீட்டி, "சொல்லுங்க பாட்டி" என்கிறான், பாட்டி சொல்கிறாள், தமிழ் வரைக்கும் அது எழுத்தாக விழுகிறது, தெலுங்கு வந்தவுடன் அந்தக் கருவி ஏதோ ஒரு பெயரை உளறிவிட்டு நிற்கிறது. அந்த உளறலை அழித்துவிட்டு, மாதிரி மனுவில் உள்ள வாக்கியத்தையே வைத்துக்கொண்டு, அச்செடுத்து, கைநாட்டு வாங்கி, புகைப்படமும் எடுத்துக்கொள்கிறார்கள். பாட்டிக்கு வாசித்துக் காட்டினாயா என்று கேட்டேன். "டைம் இல்ல தாத்தா, இன்னும் எவ்வளவு பேர் இருக்காங்க பாருங்க" என்றான். அவனைக் குறைகூற எனக்கு மனமில்லை. வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் என்று சேவையை அளந்து, அளவு நிரம்பினால் சான்றிதழ் என்று வைத்தால், அளக்கக்கூடியதைத்தான் பிள்ளைகள் செய்வார்கள். எத்தனை மனு என்று எண்ணலாம்; கேட்டதை எண்ண முடியுமா?

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டதே, இனிப் பழைய பத்திரம் எதற்கு என்று ஓர் அதிகாரி என்னிடமே கேட்டார். ஏற்றப்பட்டது யூ.டி.ஆர். பதிவு, அதற்கு முந்தின தப்புகளும் பத்திரமாக ஏறியிருக்கின்றன. குறை தீர்க்கக் கோரும் விண்ணப்பத்தை மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350ஆவது விதி சொல்கிறது என்று நான் அவருக்கு நினைவூட்டினேன். சட்டத்தில் இருக்கலாம், படிக்கிறவர் யார் என்றார். நியாயமான கேள்விதான், அந்தக் கேள்வியை இலாகா தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை என்பதே என் வருத்தம். 2006ஆம் வருஷத்துத் தமிழ் கற்றல் சட்டத்தை வரவேற்றவன் நான், தமிழாசிரியன். அதற்காக, எங்கள் தாலுக்காவில் தெலுங்கு எழுத்துப் படிக்கத் தெரிந்த குமாஸ்தா ஒருவர்கூட வேண்டாமென்பது எந்த நியாயம்?

சால்வை போர்த்திய கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள் எழுதினேன். மாணவர்களில் விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு மாலையில் என் வீட்டுக்கு வரட்டும். தெலுங்கு எழுத்து, பழைய கைக்கூட்டெழுத்து, காணிக்கு ஏறத்தாழ 1.32 ஏக்கர் என்பது முதலான பழைய அளவு, பஞ்சாங்கம், ஜமாபந்தியில் எந்த மனுவை யாரிடம் கொடுப்பது என்பது எல்லாவற்றையும் சொல்லித் தருகிறேன். கண் இல்லாவிட்டாலும் காது இருக்கிறது, அவர்கள் படிக்க நான் கேட்பேன் என்று எழுதியிருந்தேன். வீட்டில் அமர்ந்து கற்பது களப்பணி மணிக்கணக்கில் சேராது, ஆகையால் மாணவர்களை அனுப்புவதில் நடைமுறைச் சிரமம் உள்ளது என்று மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. பஞ்சாங்கத்தில் அமாவாசையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஒரு பிள்ளையையாவது அனுப்புங்கள் என்று மறுபடியும் எழுதியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைவிட்டு எழுதச் சொல்லி, தபாலில் சேர்ப்பதற்கு முன் முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டச் செய்து, இரண்டு இடத்தில் திருத்தினேன்.