மூன்றாவது திசை

கிராக்கோவின் பழைய நகரை நினைத்தால், விடியற்காலையில் பெரிய சதுக்கத்தைக் கடந்து போன நடைதான் முதலில் வருகிறது. 1257-இல் வகுத்த சதுக்கம் அது, பக்கத்துக்குச் சுமார் 200 மீட்டர். பகலெல்லாம் சுற்றுலாக் கூட்டம். அந்த வேளையில் மட்டும் அது ஊர்க்காரர்களுடையது. ஈரக் கல்லில் பூக்காரம்மாக்கள் வாளிகளை இறக்கி வைக்கும் சத்தம், துணி மண்டபத்து வளைவுகளில் புறாக்களின் படபடப்பு, வாயிலிருந்து புகையாக வரும் நம் மூச்சு. அவ்வளவுதான்.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு நீல வண்டி நிற்கும். அதில் ஒப்வஜானெக் விற்ற அம்மாவை மறக்க முடியவில்லை. மாவை இரண்டு திரியாக முறுக்கி, வளையமாக்கி, வெந்நீரில் போட்டெடுத்துப் பிறகு சுடுவார்கள். மேலே மினுமினுப்பு, உள்ளே மிருது. சாயங்காலத்துக்குள் வறண்டுவிடும் என்பதால் அன்றன்றைக்கு வாங்கித் தின்றால்தான் உண்டு. விரல்நுனி வெட்டிய கையுறையோடு, நிமிர்ந்தே பார்க்காமல், "கசகசாவா?" என்று கேட்பார். ஆமாம் என்பேன். எள் தூவியதும் உப்புப் போட்டதும் இருக்கும், இருந்தும் தினமும் அதே கேள்வி, அதே கரகரத்த குரல். இப்போது என் தெருமுனை பேக்கரியில் பேர் சொல்லி வரவேற்கிறார்கள், கேட்டதெல்லாம் சூடாகக் கிடைக்கிறது. மனசு ஒட்டவில்லை.

பழைய மதிலை இடித்த இடத்தில், நகரைச் சுற்றி 4 கிலோமீட்டருக்கு மரங்கள். இலையுதிர் காலத்தில் அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே தோன்றாது.

பிறகு அந்த எக்காளம். மரியா தேவாலயத்தின் உயரமான கோபுரத்திலிருந்து, இரவு பகல் பாராமல், மணிக்கொருமுறை தீயணைப்பு வீரர் ஒருவர் நான்கு திசைக்கும் ஊதுவார். முதலில் வாவெல் கோட்டைப் பக்கம். மெட்டு மேலேறிக்கொண்டே போய், முடியாமல், சட்டென்று அறுந்துவிடும். எதிரி வருவதைக் கண்டு ஊதிய காவலாளியின் தொண்டையில் தார்த்தாரியர் அம்பு பாய்ந்தது என்று கதை சொல்வார்கள். நான் குடியிருந்தது ஃப்ளோரியன் வாசலை ஒட்டிய சந்து. முதல் இரண்டும் எங்கோ தொலைவில் முனகும். மூன்றாவது எங்கள் திசை. சன்னலே பாடுவதுபோல் அறைக்குள் வந்து நிறையும். நான்காவது மறுபடியும் தேய்ந்து போகும்.

போலந்து வானொலி நண்பகல் எக்காளத்தை 1927 முதல் ஒலிபரப்புகிறது. இங்கே குளிர்காலத்தில் அது மாலை நாலரை மணி. வேலையைப் போட்டுவிட்டு ஹெட்போனில் கேட்கிறேன். துல்லியமாகத்தான் இருக்கிறது. ஆனால் எது எங்கள் திசை என்று அதில் தெரிவதில்லை. ஓர் ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது புரியும். உங்களுக்கும் இப்படி ஒரு திசை இருக்கும்.

போன மாதம் அங்கே போன தோழி எழுதியிருந்தாள்: வண்டி அதே இடத்தில் நிற்கிறதாம், விற்பது ஒரு இளைஞனாம், எது வேண்டும் என்று கையால் காட்டச் சொல்கிறானாம். அவளுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.