அட்டைப்படத்துக்கு ஒரு பட்டறை

நாகஸ்வரச் சிறப்பிதழுக்குப் படம் எடுக்க இடம் பார்த்து வரும்படி இசை இதழ் ஒன்று என்னிடம் சொன்னபோது, கேட்டவர்கள் எல்லாரும் தாராசுரத்தைத்தான் காட்டினார்கள். அங்குள்ள ஐராவதேசுவரர் கோயிலின் அழகில் குறை சொல்ல ஏதுமில்லை. தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் ட்ரைபாட் வைக்க முன்அனுமதி வேண்டும், அதை வாங்கிவிடலாம். ஆனால் அந்தச் சிற்பத் தூண்களுக்கு முன்னால் எந்த வாத்தியத்தை வைத்தாலும் கண் தூணுக்குத்தான் போகும். வாத்தியம் எந்தக் கையில் உருவானது என்பது படத்தில் வராது.

அதனால் ஆடுதுறை தாண்டி நரசிங்கம்பேட்டைக்குப் போனேன். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நாகஸ்வரம் இங்கே செய்யப்படுவது. நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி நாகஸ்வரத்தைச் செய்துகொடுத்ததும் இந்த ஊரில்தான். திமிரி என்ற குட்டை நாகஸ்வரத்தைவிடப் பாரி நீளம், சுருதி தாழ்வு.

பட்டறை வாசலிலேயே முதல் இடம் அமைந்துவிட்டது. பழைய வீடுகளை இடிக்கும்போது வாங்கிவந்த ஆச்சா மர உத்தரங்களும் தூண்களும் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. ஆணித் துளைகள் அப்படியே இருந்தன. "பச்சை மரத்துல கடைஞ்சா வளைஞ்சுடும் தம்பி, வெடிச்சும் போகும். வீட்டைத் தாங்கிக் காய்ஞ்ச மரம்னா நிக்கும்," என்றார் பட்டறையில் கடைசல் வேலை செய்யும் பெரியவர். அந்தக் குவியலை ஒதுக்கிவைக்கச் சொல்லும் புகைப்படக்காரரை நான் கூட்டிவர மாட்டேன்.

உள்ளே கடைசல் எந்திரம். கட்டை சுழலும்போது உளியை அழுத்தாமல் ஒட்டிப் பிடிக்கிறார். சுருள் சுருளாக மரம் உதிர்கிறது. பிறகு உட்துளை. மேலே குறுகி, கீழே போகப்போக விரியவேண்டும். இதில் கொஞ்சம் பிசகினாலும் சுரம் கெட்டுவிடும். விரல் துளைகள் ஏழு. அவற்றை ஊதிப் பார்த்துச் சரிசெய்வதில்தான் நேரம் போகிறது. ஊதுவார், காது கொடுப்பார், அரத்தால் ஒரு இழை எடுப்பார், மறுபடி ஊதுவார். உலவு எனப்படும் அந்தக் குழலின் அடியில், அணசு எனப்படும் வாகை மர வாய்ப்பகுதி பொருந்துவது அதற்கப்புறம்.

படமெடுக்கும் கண்ணோடு பார்த்தால், கிழக்கு ஜன்னல் போதும். காலை வெயில் மரத்தூளில் பட்டு, அவர் கைகள்வரை வருகிறது. ஃபிளாஷ் தேவையில்லை. தரையில் அமர்ந்து வேலை செய்கிறவரை நின்றுகொண்டு எடுக்கக் கூடாது. கேமராவும் தரைக்கு வரவேண்டும். பின்னணித் திரை கட்டவே கூடாது. தொங்கும் ஒயரும் எண்ணெய்க் கறையும் இருக்கட்டும்.

வாயில் வைத்து ஊதும் சீவாளிக்குப் பக்கத்துத் திருவாவடுதுறை. நாணல் தட்டையை நறுக்கி, பதப்படுத்தி, நூல் சுற்றும் அந்த வேலைக்கு ஒரு திண்ணை போதும். அங்கே விரல்களை மட்டும் மிக நெருங்கி எடுக்கவேண்டும்.

ஆசிரியருக்குப் பரிந்துரை எழுதிவிட்டேன்: அட்டைக்குப் பட்டறை, உள்பக்கத்துக்குத் திண்ணை, கோயில் வேண்டாம். கூடவே ஒரு கோரிக்கையும் வைத்தேன். இதழ் நடத்துகிற எல்லாருக்கும் அதையே சொல்வேன். படப்பிடிப்பு நடக்கும் நாளில் பட்டறையில் வேலை நிற்கும். அங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் அன்றைய கூலியைக் கொடுங்கள். படத்தின் கீழே கலைஞரின் பெயரோடு, அந்த வாத்தியத்தைச் செய்த ஆசாரியின் பெயரையும் அச்சிடுங்கள்.