வைரக் கட்டடமும் பால்மரக் காடும்

புத்ராஜெயாவுக்குப் போகிறவர்கள் ஏரியையும் பாலங்களையும் மசூதியையும் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை எரிசக்தி ஆணையத்தின் தலைமையகத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

2010-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஏழு மாடிக் கட்டடத்தை 'வைரக் கட்டடம்' என்று அழைக்கிறார்கள். பம்பரத்தை நிறுத்தி வைத்ததுபோல் மேலே அகலம், கீழே குறுகல். சுவர்கள் 25 பாகை சாய்ந்திருப்பதால் மேல் மாடி கீழ் மாடிக்குக் குடை பிடிக்கிறது!

நடுவில் வெளிச்சம் இறங்கும் முற்றம். அதன் கூரையிலுள்ள திரைகள் வெயிலின் போக்கைப் பார்த்துத் தாமே விரியும், சுருங்கும். கான்கிரீட் தளத்துக்குள் குழாய்கள் பதித்திருக்கிறார்கள். இரவில் அவற்றில் குளிர்நீர் ஓடித் தளத்தைக் குளிரச் செய்கிறது. மறுநாள் பகலில் அந்தக் குளிர்ச்சி அறைகளுக்கு உதவுகிறது. மழைநீரும் வீணாவதில்லை. நம் நாட்டு அலுவலகங்கள் சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 210 யூனிட் மின்சாரம் செலவழித்த காலத்தில், 85 யூனிட் போதும் என்று திட்டமிட்டு இதைக் கட்டினார்கள்.

இந்த நகரம் எழும்பிய மண் எது? பிராங் பெசார் தோட்டம்! முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் வீரர்கள் தொடங்கிய தோட்டம். பால்மரம் வெட்டியவர்களுக்கு 'பி.பி. 260' ரகம் தெரிந்திருக்கும். அந்த 'பி.பி.' இந்தத் தோட்டத்தின் பெயர்தான். 1990-களில் நகரம் வந்தபோது பிராங் பெசார், செட்ஜ்லி, மெடிங்லி, கேலவே ஆகிய நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டிங்கில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தன. அங்கே சுவர் வெடிப்புகளைப் பற்றிப் பல ஆண்டுகள் அவர்கள் முறையிட வேண்டியிருந்தது.

அரசு அலுவலகத்துக்குக் கிடைத்த அறிவு, ஏழை வீட்டுக்கும் கிடைக்க வேண்டாமா? தானியங்கித் திரைக்குப் பணம் வேண்டும், உண்மைதான். ஆனால் வெயில் படும் திசையறிந்து சன்னல் வைக்கவும், தாழ்வாரம் இறக்கவும், எதிரெதிரே காற்று வழி விடவும் பெரிய செலவில்லை. வைரக் கட்டடமே முதலில் நிழலைத்தான் நம்பியது. இயந்திரம் அதற்குப் பிறகுதான்.

வீடு வாங்கப் போகிறவர்கள் சமையலறை அலமாரியைப் பார்க்குமுன், மாலை வெயில் எந்தச் சுவரில் விழும் என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஒரு கேள்வி மாதாமாதம் மின்கட்டணத்தில் பதில் சொல்லும்.